மந்தைவெளித் தெருக்களில் நூலும் ஊசியும்

மயிலைக் கபாலீசுவரர் கோயில் குளத்தைக் கடந்து, இராமகிருஷ்ண மடம் சாலை வழியே தெற்கு நோக்கி நடப்போமாயின், சிறிது நேரத்தில் மந்தைவெளியை அடைந்துவிடலாம். ஆடுமாடுகள் மேய்ந்து திரிந்த வெளியாதலால் இப்பெயர் வாய்த்தது என்பர். இன்று மேய்ச்சலுக்குப் புல்லும் இல்லை; கண்ணுக்கெட்டிய வெளியும் இல்லை. பறக்கும் ரயில் நிலையமும், பேருந்துகளின் இரைச்சலும், காய்கறிக் கடைகளும், நெருங்கி நிற்கும் அடுக்குமாடி வீடுகளுமே நம்மை வரவேற்கின்றன. கிழக்கே சென்றால் சாந்தோம் பேராலயம். வடக்கே திரும்பினால் 1516ஆம் ஆண்டு எழும்பியதாகக் கூறப்படும் பிரகாச மாதா ஆலயம். இவ்விரண்டு ஆலயங்களின் மணியோசையையும் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இச்சிறு தெருக்களில் பல உண்டு.

கார்த்திகை மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்தபின், நாங்கள் மூவர் இத்தெருக்களில் இறங்கினோம். எங்கள் கையில் ஒரு குறிப்பேடும் ஓர் அளவு நாடாவும் இருந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர் நடைபெறும் கைவினைக் கண்காட்சி ஒன்றில் எங்கள் மாதர் குழுவுக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. ஆறடி நீளமுள்ள அந்த ஒரே மேசையில், பத்து வீட்டுப் பெண்களின் குரோஷாப் பின்னல் வேலைகளுள் எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பொறுப்பு சிறிதுதான், ஆயினும் ஒருவர் மாதக்கணக்கில் பின்னியதை, 'இது வேண்டாம்' என்று அவர் முகத்துக்கெதிரே சொல்வது எத்துணைக் கடினம் என்பதை அன்று உணர்ந்தோம்.

முந்தின ஆண்டு பட்ட பாடு எங்களுக்கு நினைவிருந்தது. அப்போது கொடுத்தவற்றையெல்லாம் மறுக்காமல் வாங்கி மேசையில் குவித்துவிட்டோம். கட்டில் விரிப்புகளும் சோபா உறைகளும் மலைபோல் கிடந்தன. வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், 'என்ன அழகு!' என்றார்கள், விலையைக் கேட்டு மெல்ல நகர்ந்தார்கள். விற்றவை கைக்குள் அடங்கும் சிறு பொருள்களே. ஆகவே இம்முறை சில விதிகளை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது பருத்தி நூலே. கம்பளி நூலில் பின்னிய சால்வை எவ்வளவு அழகாக இருந்தாலும், சென்னையில் அதைப் போர்த்திக்கொள்ள நாள் எங்கே? இரண்டாவது, சாயம் போகக்கூடாது. ஈர வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்றாவது, பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நூல் முனைகளைப் பின்னலுக்குள் செருகி மறைத்திருந்தால் இரண்டாம் சலவைக்கும் தாங்கும். முடிச்சுப் போட்டு வெட்டியிருந்தால் பிரிந்துவிடும். நான்காவது, குழந்தைகளுக்கான காலுறையிலும் தொப்பியிலும் பொத்தானோ மணியோ தொங்கலாகாது. பிஞ்சுக் கை அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். ஐந்தாவது, தேநீர்க் கோப்பை வைக்கும் வட்டங்கள் போன்றவை ஆறு ஆறாக, ஒரே அளவில் இருக்க வேண்டும்.

முதல் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த இளந்தாய் பச்சிளங்குழந்தைகளின் காலுறைகளைக் காட்டினார். எட்டு இணைகளையும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வீட்டில், செபமாலை வைக்கும் சிறு பைகளும் கைப்பேசி உறைகளும் கிடைத்தன. சாயம் விட்ட சிவப்பு உறைகள் இரண்டை மட்டும் திருப்பித் தந்தோம். 'அக்கா, அந்தக் கடைக்காரரிடம் இனி நூலே வாங்கமாட்டேன்' என்று அப்பெண் சிரித்தபடியே சொன்னாள்.

மூன்றாம் வீடு, செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டிய சந்தொன்றில், மாடிப்படியின் கீழ் அமைந்த ஓர் அறை. அங்கே கல்லூரியில் படிக்கும் பேத்தியோடு வாழும் மூதாட்டி ஒருவர், பழைய புடவையில் சுற்றிவைத்திருந்த மேசை விரிப்பை எடுத்து விரித்தார். வெண்ணிற நூலில் அன்னாசிப் பின்னல். ஒரு கண்ணி பிசகவில்லை. பின்புறத்தைத் திருப்பினோம், எது முன், எது பின் என்று எங்களுக்கே புலப்படவில்லை.

'மூன்று மாதம் ஆயிற்று, பிள்ளைகளே. கண் முன்போல் இல்லை. வெளிச்சம் உள்ள வேளையில் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பின்னினேன்' என்றார் அவர். போன ஆண்டு இதுபோன்ற ஒன்றுக்கு ஒருவர் ரூ. 3,000 தருவதாகச் சொன்னாராம். இம்முறை அவ்விலைக்கே கொடுத்துவிடும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார். பேத்தியின் தேர்வுக் கட்டணத்துக்கு அத்தொகை தேவைப்பட்டது.

நாங்கள் குறிப்பேட்டைத் திறந்து கணக்கிட்டோம். நூலுக்கு மட்டும் ரூ. 2,000 செலவாகியிருந்தது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாக மூன்று மாதம் என்றால் 360 மணி நேரம். ரூ. 3,000க்கு விற்றால் நூல் போக மிஞ்சுவது ஆயிரம். மணிக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. மணிக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தாலே விரிப்பின் விலை ரூ. 20,000 ஆக வேண்டும். அவ்விலை கொடுப்பார் எங்கள் மேசைக்கு வருவார்களா என்பது ஐயமே.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டை பின்னவும் லேஸ் நெய்யவும் இயந்திரங்கள் உண்டு. ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் உண்மையான குரோஷா வேலையைச் செய்யும் இயந்திரம் வணிக அளவில் இன்றுவரை இல்லை. ஆகவே மிக மலிவாக விற்கும் குரோஷாப் பொருளைக் கண்டால், அதன் பின்னே மிகக் குறைந்த கூலி பெற்ற ஒரு கை இருக்கிறது என்றே கொள்ளலாம்.

இவ்வேலையின் வரலாறும் ஏழைகளின் வரலாறே. 1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும் பஞ்சம் தொடங்கியபோது, உர்சுலைன் கன்னியர் முதலானோர் கார்க் நகர்ப் பகுதியில் பெண்களுக்குக் குரோஷாப் பின்னலைக் கற்பித்தனர். ஒருத்தி பூவையும் மற்றொருத்தி இலையையும் பின்ன, வேறொருத்தி அவற்றை இணைத்தாள். அவ்வருவாய் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. நம் நாட்டிலும், 1819இல் நாகர்கோவில் வந்த மால்ட் தம்பதியருள் திருமதி மால்ட் பெண்களுக்குத் திண்டின்மேல் நூல் பின்னும் லேஸ் வேலையைப் பயிற்றுவித்தார். அதில் ஈட்டிய பொருளைக் கொண்டு அடிமைத் தளையினின்று தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்து சேர்ந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டரின் கன்னியர் சபையும் அங்குள்ள ஏழைப் பெண்களுக்கு லேஸ், பூத்தையல் வேலைகளைக் கற்றுத்தந்தது.

ஆயினும் கற்றுக்கொடுத்தல் வேறு. உரிய கூலி கிடைத்தல் வேறு. ஆந்திரத்தின் நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் வழியாகப் பரவிய குரோஷா லேஸ், பிற்காலத்தில் பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. அத்தொழிலை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ், 1982இல் வெளியிட்ட நூலில், ஏற்றுமதியாளர் செழிக்க, பின்னும் பெண்களோ குறைந்தபட்சக் கூலியைக்கூட எட்டவில்லை என்று காட்டினார். அவர்கள் தொழிலாளராகவே எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். அந்த லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த பெருமை கைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

மலிவாய்க் கொடுத்துப் பழக்கினால், மந்தைவெளியிலும் ஒரு சிறு நரசாப்பூரை நாங்களே உண்டாக்கியவர்கள் ஆவோம். இதை அம்மூதாட்டியிடம் எடுத்துரைத்தோம். அவர் உடனே இணங்கவில்லை. 'விலை பேசி வீட்டிலேயே வைத்திருந்தால் பீஸ் கட்ட முடியுமா, அம்மா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் விடை இல்லை.

அப்போது பேத்திதான், விரிப்பின் மூலையில் இருந்த சிறு விண்மீன் வடிவத்தைச் சுட்டி, 'ஆயா, இதை மட்டும் தனியாகப் போட எவ்வளவு நேரம் ஆகும்?' என்றாள். அரை மணி என்றார் அவர். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட வெண்ணிற விண்மீன்! நூலுக்கு ஐந்து, உழைப்புக்கு இருபத்தைந்து, மேசை வாடகைக்குப் பத்து. ஆக, ஒன்று ரூ. 40. நூற்றிருபது விண்மீன்கள் விற்றால் உழைப்புக்கு மட்டும் ரூ. 3,000 சேரும், அதற்கு வேண்டியது அறுபது மணி நேரம். முந்நூற்றறுபது மணி நேர உழைப்பை எந்தத் தொகைக்குக் கேட்டார்களோ, அதே தொகை! பெரிய விரிப்பையும் நாங்கள் விட்டுவிடவில்லை. மேசையின்மேல் அதையே விரித்து, ரூ. 20,000 என்ற விலைச்சீட்டையும் குத்திவைப்பது என்று முடிவாயிற்று.

கண்காட்சி நாளன்று பலர் விரிப்பைத் தடவிப் பார்த்தார்கள். சிலர் விலைச்சீட்டைக் கண்டு முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு 360 மணி நேரக் கணக்கைச் சொன்னோம். அதைக் கேட்டபின் ஒருவரும் பேரம் பேசவில்லை. விண்மீன்கள் மாலைக்குள் தீர்ந்தன. காலுறைகளில் ஓர் இணையே மிஞ்சியது. விரிப்பு விற்கவில்லை.

மறுநாள் அதை மடித்து எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தோம். சற்றுத் தயக்கமாகவே இருந்தது. மூதாட்டி முதலில் பணத்தை எண்ணிப் பேத்தியிடம் கொடுத்தார். பிறகு விரிப்பை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'இங்கே யாரோ காப்பி சிந்தியிருக்கிறார்கள். அலசினால் போய்விடும். அடுத்த ஆண்டு எடுத்துப் போங்கள். விலையை மட்டும் குறைக்காதீர்கள்' என்றார்.

அன்பர்களே! இப்பண்டிகைக் காலத்தில் கைவினை மேசை ஒன்றின் முன் நீங்கள் நிற்க நேரிட்டால், 'இதற்கு எத்தனை நாள் ஆயிற்று?' என்று முதலில் கேளுங்கள். விலையை அதன் பிறகு கேட்கலாம்.