ஜீப்புக்கு எத்தனை பல்?

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மாட்டின் வாயைத் திறந்து பார்த்தால் அதன் வயது தெரிந்துவிடும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று மாடு தன் ஜாதகத்தைத் தானே வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. தரகன் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து எவ்வளவு சாமர்த்தியமாக விலை பேசினாலும் பல்லை மாற்றி வைக்க அவனால் முடியாது.

பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே பல்லின் ஸ்தானத்தில் இருப்பவை, ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கும் ஐந்து அல்லது ஆறு எண்கள். வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அவை சொல்லுகின்றன. ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் இருந்தால் பழைய மீட்டரின் எண்களை யார் வேண்டுமானாலும் பின்னால் தள்ளி வைத்துவிடலாம். இக்காலத்து மின்சார மீட்டருக்குத் திருப்புளி உதவாது. அதற்கென்று வேறு கருவி இருக்கிறது. ஐந்து எண் மட்டுமே உள்ள மீட்டரில் அந்தச் சிரமங்கூட வேண்டியதில்லை. 99,999 ஆனதும் அது தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிப் புதுப் பிறவி எடுத்துவிடும்.

இந்த மோசடிகள் எல்லாரும் அறிந்தவை. நான் சொல்ல வந்தது வேறு. மலைக்காட்டுப் பாதையில் ஓடிய ஜீப்பின் மீட்டரை ஒருவருமே தொடாமல் விட்டிருந்தாலும், அது சொல்லும் கணக்கு உண்மையான கணக்கு அல்ல. இதை எனக்குத் தெரிவித்தவர் போடிநாயக்கனூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மோட்டார் மேஸ்திரி. அவர் வாயால் சொன்னதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு வேறு என்ன வேலை?

என் தங்கையின் கணவருக்குப் போடி மெட்டுக்கு அப்பால் சிறிய ஏலத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் தூரம். அதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கல்லும் சேறும் ஓடைத் தண்ணீரும் மாறி மாறி வரும் ஓர் ஏற்றம் அது. காய் எடுக்கும் காலத்தில் ஏழெட்டுப் பெண்கள் தினமும் காலையில் அதில் ஏறி மாலையில் இறங்க வேண்டும். சென்ற வருஷம் மழை நாளில், பழைய ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கியர்த் தண்டு தானாக நழுவி நடுவில் வந்து நின்றுவிட்டது. அப்புறம் இஞ்சினின் பிடிப்பு ஏது? நனைந்த பிரேக்கை நம்பினால் பள்ளம். டிரைவர் புத்திசாலி, வண்டியை மலைப் பக்கத்து மண் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டான். சிராய்ப்புக்களோடு எல்லாரும் தப்பினார்கள். அன்றைக்கே மாப்பிள்ளை அந்த வண்டியை ஓரங்கட்டிவிட்டார். புது வண்டி வாங்க ஏல விலை இடம் கொடுக்கவில்லை. பழைய வண்டிதான் பார்க்க வேண்டும். "மச்சான், நீங்களும் வாருங்கள். விற்கிறவன் சொல்கிற கணக்கைச் சரி பார்க்க ஓர் ஆள் வேண்டும்" என்றார்.

கணக்கு என்று வரும்போது ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை செய்துவிடுகிறேன். நம் ஊரில் "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று அர்த்தம். வண்டி இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று யாரும் அந்தச் சொல்லால் கேட்பதில்லை. ஆகவே விற்கிறவரிடம் மைலேஜ் கேட்டால் "பதினாலு" என்று பதில் வரும். ஓட்டத்தைத் தனியாக, தெளிவாகக் கேட்க வேண்டும்.

இனி மேஸ்திரியின் தத்துவத்துக்கு வருகிறேன். ஜீப் என்பது யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி. 1941 முதல் வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனத்தார் அதைப் பம்பாயில் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள். பீரங்கி இழுக்கப் பிறந்தது, நம் நாட்டு மலைகளில் ஏலக்காயும் தேயிலையும் சுமந்து பிழைக்கிறது, நல்ல மாறுதல்தான். அந்த வம்சத்து வண்டிகளில் சாதாரணக் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி உண்டு. முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்ந்து கொடுப்பது அதுதான். 'லோ' என்னும் மந்த கதியைக் கொடுப்பதும் அதுவே. மீட்டருக்குப் போகும் கம்பி அந்தப் பெட்டியின் வெளிப் பக்கத்தில், சக்கரத்துக்குப் போகும் தண்டிலிருந்து புறப்படுகிறது. ஆகையால் மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றை. இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது.

பழைய வில்லிஸ் வம்சத்து ஜீப்பில் முதல் கியர் சுமார் 2.8 மடங்கு, லோ சுமார் 2.46 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 7 வருகிறது. அதாவது சம தரையில் மேல் கியரில் 7 கிலோமீட்டர் ஓடும்போது இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுமோ, அத்தனை சுற்றையும் லோவில் முதல் கியர் போட்டு ஏறும் 1 கிலோமீட்டரிலேயே சுற்றித் தீர்த்துவிடுகிறது. மீட்டரோ 'ஒன்று' என்று மட்டும் குறித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் அப்படி ஏறிய வண்டியின் இஞ்சின் 70,000 கிலோமீட்டர் உழைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுமையோடு, சூட்டோடு, காற்றோட்டமில்லாத மெதுவான நடையில் என்பதைச் சேர்த்தால் இன்னும் அதிகம். காட்டில் நின்ற இடத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்த மணி நேரங்கள் கணக்கிலேயே வராது. டிராக்டர்க்காரர்கள் இந்த விஷயத்தில் விவேகிகள். அவர்கள் மீட்டர் மணிக்கணக்கைக் காட்டுகிறது.

போதாக் குறைக்கு, சேற்றுக்காகப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். டயரின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடினால், வண்டி 100 கிலோமீட்டர் போகும்போது மீட்டர் 91 என்றுதான் சொல்லும்.

இந்தப் பாடத்தோடு நாங்கள் முதலில் பார்த்தது, ஒரு வியாபாரியின் கொட்டகையில் நின்ற பச்சை நிற ஜீப். பளபளவென்று இருந்தது. மீட்டரில் 41,000. "டாக்டர் ஒருவர் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்" என்றார் வியாபாரி. பழைய வண்டி விற்கும் இடங்களில் எல்லா வண்டியும் ஒரு டாக்டருடையதாகவே இருப்பது எப்படி என்று எனக்குப் புரிவதேயில்லை.

மேஸ்திரி மீட்டரைப் பார்க்கவே இல்லை. முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. "காலையிலே ஓட்டினீர்களா?" என்று மட்டும் கேட்டார். குளிர்ந்த இஞ்சின் உயிர் பெறுவதற்குப் படும் பாட்டை நாம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சூடாக்கி வைப்பது ஒரு வழக்கமாம். பிறகு கிளச், பிரேக் மிதிகளைக் குனிந்து பார்த்தார். ரப்பர் புதியது. ஆனால் ரப்பருக்குக் கீழே இரும்பின் விளிம்பு தேய்ந்து வெள்ளிபோல் மின்னியது. ஸ்டியரிங்குக்குப் புது உறை போட்டிருந்தது. மேஸ்திரி அதை விலக்கினார். கை பிடிக்கும் இடத்தில் வளையம் வழுவழுப்பாகத் தேய்ந்து போயிருந்தது. 41,000 கிலோமீட்டர் ஓட்டிய கால்களும் கைகளும் இவ்வளவு தேய்க்க மாட்டா.

அப்புறம் சாக்கை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அங்கேதான் உண்மை குடியிருக்கிறது என்பது அவர் கொள்கை. அடிச்சட்டத்துக்குப் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். 'டங், டங்' என்ற சத்தம் ஓர் இடத்தில் 'பொத்' என்றது. வர்ணத்துக்கு உள்ளே துரு தின்றிருந்தது. கியர்ப் பெட்டியின் தலையில், தண்ணீர்க் குழாய் எட்டாத மூலையில், காய்ந்த செம்மண் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. வியாபாரி எதிர்பார்க்காத இன்னொன்றையும் செய்தார். முன் ஆக்ஸிலின் திருகு மூடியைக் கழற்றி எண்ணெயில் விரலை விட்டுப் பார்த்தார். பால் கலந்த காப்பியின் நிறம்! எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். வண்டி பலமுறை ஓடையில் இறங்கி நின்றிருக்கிறது. எண்ணெயை யாரும் மாற்றவில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடையில் வைத்தியம் பார்த்தார் போலும்.

நான்கு சக்கர இழுவை உண்டு என்று பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் அவர் மதிப்பதில்லை. ஜீப் உருவத்தில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள் எத்தனையோ விற்றிருக்கின்றன. இழுவைப் பெட்டி இருந்தாலும், பட்டணத்தில் இருந்த வண்டியானால் ஒரு நாளும் போடாமலே அந்தத் தண்டு இறுகிப் போயிருக்கும். ஆகவே புழுதி மண்ணில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் பூட்டி வளைத்தால் நல்ல பற்சக்கரத்துக்கும் கேடு.

கடைசிச் சோதனைதான் எங்கள் மாப்பிள்ளைக்கு வேண்டிய சோதனை. ஊருக்கு வெளியே ஒரு சரிவின் உச்சிக்கு ஓட்டிப் போய், லோவில் இரண்டாவது கியர் போட்டு, மேஸ்திரி இறக்கத்தில் விட்டார். பாதி வழியில் காலை எண்ணெய் மிதியிலிருந்து சட்டென்று எடுத்தார். கியர்த் தண்டு ஒரு முறை நடுங்கியது. மறுகணம் 'டக்' என்று நழுவி நடுவில் வந்துவிட்டது. நான் முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப் போயிற்று. அந்த மழை நாளில் அவரும் வண்டியில் இருந்தவர்.

மேஸ்திரி பிரேக்கைப் போட்டு நிறுத்தி, "ஐயா, மாட்டுக்கு மட்டுமா பல்? இதற்கும் பல் உண்டு. தேய்ந்த பல் பிடிக்காது" என்றார்.

பல்லை எப்படிப் பார்ப்பது என்றும் காட்டினார். கியர் எண்ணெயைச் சிறிது வடித்து அதில் ஒரு காந்தத் துண்டைப் போட்டு எடுத்தார். மைபோல் நைஸான கறுப்புப் பூச்சு ஒட்டினால் அது வயோதிகம், பொறுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஒட்டியது ஊசி ஊசியான இரும்புச் செதில். வியாபாரி உடனே விலையைக் குறைத்தார். எங்களுக்கு விலை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

இரண்டாவது வண்டி கம்பத்தில் ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணையோரம் நின்றது. வர்ணம் மங்கிப் போனது, ஒரு விளக்கு உடைந்தது, மீட்டரில் 1,68,000. மாப்பிள்ளைக்கு இறங்கவே மனமில்லை. மேஸ்திரிதான் இறங்கினார். மிதியும் ஸ்டியரிங்கும் மீட்டருக்கு ஏற்ற அளவே தேய்ந்திருந்தன. பெரும்பாலும் கம்பம், தேனி, மதுரை என்று தார் ரோட்டிலேயே ஓடிய வண்டி. விவசாயி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். எண்ணெய் மாற்றிய தேதி, அப்போதைய மீட்டர் எண், பட்டறைச் சீட்டு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. எண்கள் ஓரிடத்திலும் பின்னால் போகவில்லை. அதைச் சரி பார்த்தது என் பங்கு.

குறைகள் இல்லாமல் இல்லை. முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம். இரண்டு முன் ஹப்பிலும் எண்ணெய்க் கசிவு. ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இவையெல்லாம் பணம் கொடுத்தால் தீரும் வியாதிகள் என்றார் மேஸ்திரி. அடிச்சட்டம் முழுவதும் 'டங்' என்றது. குளிர்ந்த இஞ்சின் இரண்டாவது முயற்சியில் புறப்பட்டது. நீலப் புகை இல்லை. நீலப் புகை என்றால் இஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடிக்கிறது என்று அர்த்தம். சரிவில் மூன்று முறை விட்டுப் பார்த்தோம். கியர்த் தண்டு போட்ட இடத்தில் நின்றது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்கே செல்லும். பிறகு சோதனை செய்து 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கடன் பாக்கி ஆர்.சி.யில் ஏறியிருந்தால் அது நீங்கும் வரை முன்பணம் கொடுக்கலாகாது. கேரளத்துப் பதிவு வண்டியானால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கியாக வேண்டும்.

வண்டி வந்ததும் மேஸ்திரி செய்த முதல் வேலை, இஞ்சின், கியர்ப் பெட்டி, இழுவைப் பெட்டி, முன் பின் ஆக்ஸில்கள் ஆகிய எல்லாவற்றிலும் பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றியதுதான். அடுத்தது பிரேக். பட்டறையில் ஒன்பது நாள் நின்றது. ஆவணியில் காய் எடுப்பு ஆரம்பமானபோது பெண்கள் அதில்தான் ஏறினார்கள். மழையில் இறங்கும்போது அவர்கள் பேச்சு நிற்பதில்லை என்று டிரைவர் குறைப்பட்டுக்கொள்கிறான். பழைய வண்டியில் அந்த இறக்கம் முழுவதும் வாய் திறக்கவே மாட்டார்களாம்.

விவசாயியின் நோட்டுப் புத்தகம் வண்டியோடு கூடவே வந்தது. மாப்பிள்ளை அதில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் பென்ஸிலால் கோடு கிழித்து இன்னொரு பத்தியும் சேர்த்திருக்கிறார். 'லோவில் ஓடிய நேரம்' என்று அதற்குத் தலைப்பு.