காவலூரில் ஒரு பழைய தூரதர்சினி

வடகிரீட மண்டலத்தைச் சேர்ந்த ‘டி’ என்னும் ஜோடி நட்சத்திரம், 1866-இலும் 1946-இலும் திடீரென ஜ்வலித்தது போல மறுபடியும் ஜ்வலிக்கும் காலம் நெருங்கிவிட்டதென்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியபோது, அத்தகைய வெடிப்புகளுக்காக இராக்கண் விழித்துக் காத்திருக்கும் தொழிலையும் தொழிலாளரையும் நேரில் காணும் ஆவல் மேலிட்டு, நண்பர் ஒருவரின் அறிமுகத்தோடு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானோக்கு நிலையத்துக்குச் சென்றேன்.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டில் ஒன்று, ஆயுள் முதிர்ந்து பருத்துப்போன செந்நட்சத்திரம். மற்றது, ஏறக்குறைய பூமியளவுக்குச் சுருங்கிவிட்ட வெண்குள்ளன். முன்னதிலிருந்து வழியும் ஹைட்ரஜன் பின்னதன்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்து, அழுத்தமும் வெப்பமும் எல்லை கடந்ததும் அணுப்பிணைப்பாக வெடிக்கிறது. சர்ப்பதாரி மண்டலத்து ‘ஆர்.எஸ்.’ இப்படி 1985, 2006, 2021 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. இவ்வெடிப்புகளின் ஒளியை ஆராயும் நிறமாலைக் கருவியின் நுட்பங்களை அங்கிருந்த விஞ்ஞானி பொறுமையோடு விளக்கினார். அவை என் அறிவுக்கு எட்டவில்லை.

என் மனத்தைப் பிணித்தது 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தூரதர்சினியன்று. சுமார் 6 அங்குல வில்லையுடைய பழைய கருவியே. வங்காளத்து ஜெசோர் கருவூலத்தில் சாமானிய உத்தியோகம் பார்த்தவரும், பள்ளிக்கூடத் தேர்வில் மும்முறை தவறியவருமான ராதாகோவிந்த சந்திரர், ஒளி மாறும் நட்சத்திரங்களை இரவுதோறும் நோக்கி எழுதியனுப்பிய கணிப்புகளின் சிரத்தையை மெச்சி, அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தார் 1926-இல் அவருக்குக் கடனாக அனுப்பிய கருவி அது. ஒளி மாறாத அண்டை நட்சத்திரங்களுக்கு நடுவே மாறும் நட்சத்திரத்தின் ஒளி எவ்விடத்தில் நிற்கிறதென்று கண்ணாலேயே மதிப்பிடும் அந்த வித்தையில், 1919 முதல் 1954 வரை 37,000-க்கு மேற்பட்ட கணிப்புகளை அவர் செய்தார். அவருக்குப் பின் அது வானியல் விஞ்ஞானி வைணு பாப்புவிடம் வந்து, முடிவில் இம்மலையை அடைந்தது. இவ்வாறு கண்ணால் நோக்கப்பட்டு வந்த அன்னப்பறவை மண்டலத்து ‘எஸ்.எஸ்.’ என்னும் ஜோடி, வெண்குள்ளனைச் சுற்றியுள்ள வாயுத்தட்டு சூடேறுவதால் ஏறக்குறைய 50 நாளைக்கொரு முறை பொங்கித் தணிகிறது. 1896 முதல் அதன் பொங்குதல்கள் விடாமல் பதிவாகி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஊதியம் வாங்காத இத்தகைய அன்பர்களே. பட்டம் பெற்றவர்களுக்கே விஞ்ஞானம் உரியதென்று பேசுவோர் அந்தக் கருவியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அன்றிரவு மேகம் மூடியிருந்தது. தூரதர்சினியைத் திருப்பி நிறுத்தும் உதவியாளர் உறங்கப் போகவில்லை. “மானம் மப்பா இருக்குதேன்னு படுத்துட முடியாது சார். விலகுற நேரத்துல நாம முழிச்சிருக்கணும்” என்றார். நள்ளிரவுக்கு மேல் வானம் தெளிந்ததும் குவிமாடத்தைத் திறந்தவர், தொடுவானத்தில் பரவியிருந்த மஞ்சள் வெளிச்சத்தைக் காட்டி, வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது இல்லையென்றார். இருளை நம்பி அமைத்த நிலையத்தைச் சுற்றி, வானத்தை நோக்கி வீணே எரியும் விளக்குகளுக்கு நாம் காசு செலவழிப்பது, அறிவீனம் மட்டுமன்று, அந்த மனிதரின் உழைப்புக்குச் செய்யும் துரோகமுமாகும். ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் விளக்குகளுக்கு மேல்மூடியிட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பும்படி வேண்டிக்கொள்கிறேன்.