முன்பாரம், பின்பாரம்... சிதம்பரம்!

கடலூரில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பாருங்கள், வேட்டியைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அதே காற்றை நாலு டயருக்குள் எவ்வளவு அடைப்பது என்று கேட்டால் மட்டும், ஊரில் ஆளுக்கொரு நம்பர் சொல்கிறார்கள்!

கேட்க வேண்டிய அவசியம் என் நண்பனால் வந்தது. கடலூரில் ஒரு வங்கியில் கிளார்க். பழைய வேன் ஒன்றை வாங்கி, ஸீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி சகிதம் 'வீட்டு வேன்' ஆக்கியிருந்தான். வெளிநாட்டில் கேம்பர் வேன் என்கிறார்களே, அதேதான். (ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்து, ஆர்.சி.யிலும் பதிந்தாகிவிட்டது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். 'சொந்த வண்டிதானே' என்ற வசனம் அங்கே எடுபடாது.)

ஊர் சுற்றுகிற ஆசையில் செய்ததில்லை. அவன் அம்மாவுக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. ஆனால் சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் பார்த்தே ஆகவேண்டும். படுத்துக்கொண்டே போகலாமே என்றுதான் இத்தனை ஏற்பாடு. அந்தக் கட்டில் சரியாகப் பின் சக்கரத்துக்கு மேலே இருந்தது. அங்கே ஒரு டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பஞ்சர் கடை.

"எவ்ளோ சார் வைக்கட்டும்?"

"நீயே சொல்லுப்பா."

"வேன்தானே, நாப்பது வச்சிருவோம். உள்ள வீடு வேற கட்டியிருக்கீங்க... அம்பதா வச்சிக்குங்க."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் சிரித்தார். "அம்பது பத்தாது சார். எம்பது அடி. கல்லு மாதிரி நிக்கும்!"

வண்டியின் கதவோரத்தில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரில் இன்னொரு நம்பர். அது ஸீட்டும் பயணிகளுமாக ஓடிய வேனுக்கு எழுதியது. கட்டிலும் சமையலறையும் அதற்குத் தெரியாது.

விஷயம் இதுதான். பாரத்தைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. ரப்பர் அதைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவே. (எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத்தான் ஆரம்பித்தது!) அறுபத்திரண்டு பவுண்ட் காற்று என்றால், ஒரு சதுர அங்குலத்துக்கு அறுபத்திரண்டு பவுண்ட் தாங்கும் என்று அர்த்தம். கணக்குப் போட்டால், 840 கிலோ சுமக்கிற டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒன்றரை போஸ்ட் கார்டு அளவுதான். அம்மாவும் கட்டிலும் வண்டியும் ஓடுவது சுமார் ஆறு கார்டுகளின் மேல்!

ஆக, முதலில் தெரியவேண்டியது பவுண்ட் இல்லை, கிலோ. நண்பனைத் தள்ளிக்கொண்டு போனேன், சிப்காட் பக்கம் லாரிகள் நிற்கும் ஓர் எடை மேடைக்கு. தொட்டி நிறையத் தண்ணீர், சிலிண்டர், மூட்டை முடிச்சு, அம்மா உள்பட எல்லாரும் ஏறியபடி.

"என்ன லோடு சார்?" என்றார் எடை மேடைக்காரர்.

"குடும்பம்" என்றேன்.

ஒரு முறை விநோதமாகப் பார்த்துவிட்டு பட்டனைத் தட்டினார். முழு வண்டி 3,150 கிலோ. முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நின்றபோது 1,260. மீதி 1,890 பின்னால். இரண்டு பக்கமும் சமம் என்று வைத்தால் பின் டயர் ஒன்றுக்கு 945.

இனி டயரைக் குனிந்து படிக்கவேண்டும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும், நாம் யாரும் பார்ப்பதில்லை. 100 என்றால் அந்த டயர் 800 கிலோ சுமக்கும். 104 என்றால் 900. 108 என்றால் 1,000. எங்கள் டயரில் 104. கூடவே, உச்சபட்சக் காற்று 65 பவுண்ட்.

புரிகிறதா? எண்பது அடித்தாலும் நூறு அடித்தாலும் அந்த டயர் 945 கிலோவுக்குத் தகுதியானது இல்லை. காற்றால் தீர்க்கிற வியாதியே இல்லை இது.

"என்னதான்டா மாப்ளே வச்சிருக்க பின்னாடி?" என்று திறந்து பார்த்தால்... சமையல் மேடைக்கு கிரானைட்! ஐந்தடிக்கு இரண்டடி, நாற்பத்தைந்து கிலோ.

"மாவு பிசைய கிரானைட் இல்லாம என்னடா கிச்சன்?"

கல்லைக் கட்டிக் கடலில் போட்டபோதும் அப்பர் மிதந்து வந்து கரையேறிய ஊர் இது. அதனாலேயே கரையேறவிட்ட குப்பம் என்று பெயர் வைத்து வைத்திருக்கிறார்கள். அவர் அப்பர். நம்மால் முடியாது. கிரானைட் அன்றே இறங்கியது. இப்போது அவன் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்.

உண்மையான வில்லன் தண்ணீர்த் தொட்டி. இருநூறு லிட்டர், அதாவது இருநூறு கிலோ. பின் சக்கரத்துக்கும் ஒரு மீட்டர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள், முன்பாரம் பின்பாரம் என்று ஒரு பெரிய சாஸ்திரமே சொல்வார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே கிளம்பும். வேனிலும் அதே கதை. இரண்டு அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் என்றால், அந்த இருநூறு கிலோ பின் டயர்களில் 267 கிலோவாக உட்காருகிறது. முன்பக்கத்தை 67 கிலோ தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் லேசாகி, பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் வழுக்கப் பார்க்கும்.

தொட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவே மாற்றி, மறுபடி எடை மேடை. மொத்தம் 3,105. முன்னால் 1,425, பின்னால் 1,680. டயர் ஒன்றுக்கு 840. எடைக்கு இவ்வளவு காற்று என்று டயர் கம்பெனிகளிடம் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்து, கொஞ்சம் கூடுதலும் சேர்த்து, பின்னால் 62, முன்னால் 52 வைத்தோம். (இது அந்த வேனுக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு அடித்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்!)

குறைத்து வைத்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். உள்ளே ஒட்டிய அடுக்குகள் பிரியும். வெடிக்கும். அமெரிக்காவில் 2000-ம் வருஷம் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கிய கதையில் டயரின் குறையோடு இந்தக் குறைந்த காற்றும் பேசப்பட்டது. இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். அதன் பிறகுதான் காற்று குறைந்தால் விளக்கு எரியவேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. ஏற்றி வைத்தாலோ ஒவ்வொரு பள்ளமும் நேரே அம்மாவின் முதுகுக்குப் போகும். லாரிக்காரர் சொன்ன எண்பதைக் கேட்டிருந்தால் ஆலப்பாக்கத்திலேயே திரும்பியிருப்போம்.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். சவுக்குத் தோப்பு, கடல் காற்று, அகலப்பட்ட இடங்களில் பறக்கிற பஸ்கள். புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நண்பன் தன் சொந்த கேஜை எடுத்துப் பின் டயரில் வைத்தான்.

"மாப்ளே, 67 காட்டுது! மேல போயிடுச்சுடா. கொஞ்சம் இறக்கிரவா?"

"கையை எடு!" என்றேன். டயர் இருபது டிகிரி சூடானால் ஐந்து பவுண்ட் ஏறத்தான் ஏறும். எழுதியிருக்கும் 65-ம் குளிர்ந்த டயருக்கான கணக்கே. சூட்டில் இறக்கினால் ராத்திரி ஆறியதும் 57-ல் நிற்கும். அளப்பது காலையில், ஓட்டுவதற்கு முன்னால்.

சிதம்பரத்தில் போலீஸ் விட்ட இடம் வரை வேன் போனது. திருமஞ்சனத்துக்கு முதல் நாள் தேர். மூலவரே வெளியில் வந்து தேரேறுவது இந்தக் கோயிலின் விசேஷம். சக்கர நாற்காலியில் அம்மாவை வீதி முனைக்குத் தள்ளிப்போனோம். மரச் சக்கரம் கிறீச்சிட்டு நகர்ந்தது. காற்றே வேண்டாத சக்கரம். கொடுத்துவைத்தவர்கள்!

அம்மா பத்து நிமிஷம் கும்பிட்டார். திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்ததும் சொன்னார்: "பொன்னம்பலத்துக்கு மேல இருபத்தோராயிரத்து அறுநூறு ஓடு, தம்பி. மனுஷன் ஒரு நாளைக்கு விடற மூச்சுக் கணக்குன்னு சொல்வாங்க. நீங்க ரெண்டு பேரும் நேத்துலேர்ந்து அறுபத்திரண்டு அறுபத்திரண்டுன்னு உயிரை வாங்கறீங்க..."

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, அவர் எழுந்திருப்பதற்குள், நாலு டயரையும் அளந்தோம். மூன்று சரி. வலது பின் டயர் 57. யாரும் இறக்கவில்லை. நண்பன் விரலில் எச்சில் தொட்டு வால்வின் மேல் வைத்தான். சின்னதாக ஒரு குமிழி உப்பி உடைந்தது.

உள்ளே இருக்கும் வால்வு பின் தேய்ந்திருந்தது. பஞ்சர் கடை திறக்க எட்டு மணி ஆகும் என்றார்கள். எதிரே காபிக் கடை மட்டும் திறந்திருந்தது.