கூத்தம்பலத்துக்கு ஒரு மாலை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி நெரிசலைத் தாண்டித் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுக்குள் நுழைந்தால் முதலில் மரங்கள். பிறகு கேரளக் கோயில் பாணியில் கூத்தம்பலம்.

1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய நிறுவனம். 1955-ல் அவர் 'சீதா சுயம்வரம்' நாட்டிய நாடகத்தை அமைத்தபோது இசை, மைசூர் வாசுதேவாச்சாரியார். வயது அப்போது 90-ஐ ஒட்டி! பிரம்மாண்ட செட் கிடையாது. மேடை ஓரமாக உட்கார்ந்து பாடுகிறவர்களின் குரலில்தான் மிதிலை எழும்பும்.

இப்போது சில சபாக்களில் ராமாயணத்துக்குப் பின்னால் எல்இடி திரை. அசோகவனத்தில் அனிமேஷன் மயில் பறக்கிறது. பாட்டு என்னவோ உருக்கம்தான். பக்கத்து சீட் குழந்தை மயிலைத்தான் பார்க்கிறது. (குழந்தை என்ன, நானும்தான்.) ருக்மிணி தேவியும் அந்தக் காலத்துக்குப் புதுமைக்காரர்தான். ஆனால், அவர் மேடை பாட்டுக்கு வழிவிட்டது. சீதை அழும்போதாவது அந்தத் திரையை அணைக்கக் கூடாதா?