பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

பிள்ளைகள் கூறுவதை ஆராயாது, ‘பொய்’ என்று தள்ளிவிடுதல் பெற்றோர்க்கு எளிது. ஆசிரியத் தொழிலும் உடன் சேர்ந்துவிட்டால் இன்னும் எளிது. நாமும் அவ்வாறு தவறியவர்களே.

நற்பிட்டிமுனையில் எமது இல்லத்திலே, விடுமுறைநாள் மாலையொன்றில், எம் மகன் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து காரோட்டும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தான். திரையிலிருந்த காரோ நேரே செல்லாது, இடப்புறம் திரும்பித் திரும்பி மதிலில் மோதிற்று. “நான் தொடல்ல அப்பா, அது தன்பாட்டில போகுது” என்றான். கருவியைக் கீழே போட்டுப் பழுதாக்கிவிட்டு மறைக்கின்றான் என எண்ணினோம், கடிந்து பேசினோம், விளையாட்டையும் தடை செய்தோம். அவன் அழவில்லை. அன்றிரவு எம்மோடு பேசவுமில்லை.

இரு வாரங்கள் கழித்து, அக்கருவியைக் கல்முனைக் கடைத்தெருவில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் மூடியைக் கழற்றி, பெருவிரலால் அசைக்கும் குமிழின் அடியிலிருந்த சிறு பெட்டியைத் திறந்து காட்டினார். “சேர், தம்பியில பிழையில்ல. உள்ளுக்குத் தேஞ்சிருக்கு” என்றார்.

உற்று நோக்கிய நாம் வெட்கினோம். உள்ளே இருந்தது, உயர்தர மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் கற்பிக்கும் அழுத்தமானியின் தத்துவமே! கரிப்பூச்சுப் பூசிய தடமொன்று. அதன்மேல் உராய்ந்து நகரும் உலோக நாக்கு ஒன்று. இடம் வலம் அறிய ஒன்றும், மேல் கீழ் அறிய மற்றொன்றுமாக இரு தடங்கள். தடத்தின் இருமுனைக்கும் 3 வோல்ற்று கொடுத்தால், நாக்கு நடுவில் நிற்கையில் 1.5 வோல்ற்று கிடைக்கும். அதனையே ‘ஓய்வு’ எனக் கருவி கொள்கின்றது. கரி தேய்ந்தாலும், தூசி புகுந்தாலும், குமிழை நடுவுக்கு மீட்கும் வில் தளர்ந்தாலும் அவ்வளவு மாறும். விரல் படாமலே கார் திரும்பும்.

“வழுக்குச்சாவியைக் கம்பியில் இழுத்துத் தேய்க்காதீர்கள், தொட்டு எடுங்கள்” என்று ஆய்வுகூடத்தில் எத்தனை முறை எச்சரித்திருப்போம்! இக்கருவிக்கோ தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2017இல் வெளிவந்த நின்டெண்டோ சுவிட்ச் கருவியிலும் இக்குறை பெருமளவில் எழுந்து, 2020 ஜூனில் அந்நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவித்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

பரிகாரங்களைப் படிப்படியாகச் செய்தல் நன்று. முதலில், கருவியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று நடுநிலையை மீண்டும் அளவீடு செய்க. அடுத்து, நடுவைச் சூழ்ந்த சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாதிருக்கும் ‘செயலற்ற வலய’த்தைச் சிறிது கூட்டுக. மிகக் கூட்டினால், நுண்ணிய அசைவுகளும் பயனற்றுப் போகும். தூசியே காரணமாயின், மின்னை அகற்றி, ஐசோபுரொப்பைல் அற்ககோல் சிறிதளவு இட்டுக் குமிழைச் சுழற்றி, நன்கு உலர விடுக. தேய்ந்த கரியை எந்தத் திரவமும் மீட்காது; அப்போது பெட்டியையே மாற்றிப் பற்றாசு வைக்கவேண்டும்.

தேயாத வகையும் உண்டு. 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவைக் கொண்டு, காந்தத்தின் அசைவை உராய்வின்றி அறியும் முறை அது. 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ற் கருவியிலேயே அது இடம்பெற்றிருந்தது. ஆயினும் அதிலும் வில் தளரக்கூடும்.

பெட்டியை மாற்றுவித்து வீடு திரும்பியதும், மகனை அருகழைத்துத் தாளிற் படம் வரைந்து விளக்கினோம். “பிழை எம்முடையது” என்றோம். “நான் அப்பவே சொன்னன்தானே” என்று மட்டும் கூறி, குமிழைப் பிடித்தான். கார் நேரே சென்றது.

கரித்தடத்தை மாற்ற அரைமணி நேரம் போதியதாயிற்று. அவன் மனத்தில் நாம் உண்டாக்கிய தேய்வை மாற்ற எத்தனை நாள் செல்லுமோ? இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு மாணவன் “நான் செய்யவில்லை, சேர்” என்றால், முதலில் மூடியைத் திறந்து பார்க்கின்றோம்.