பழகிய பிழை

ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’ என்னும் தொடர் இருவகையாய் வழங்கும். ‘ஐ யூஸ்ட் டு வாக்’ என்றால், முன்பு நடக்கும் வழக்கமிருந்தது, இன்றில்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’ என்றால், நடந்து பழகியவன் என்பது பொருள். தமிழில் ‘நடப்பேன்’ என்னும் ஒரே வினைமுற்று முன்னைய வழக்கம், இன்றைய வழக்கம், எதிர்காலம் மூன்றையும் சுட்டும்.

தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றிய நாளில், மாணவனொருவன் ‘மை ஃபாதர் யூஸ்ட் டு டேப் ரப்பர்’ என எழுதியிருந்தான். ‘பால்மரம் வெட்டுவார்’ என்பதைப் பிழைபட மொழிபெயர்த்தான் என்றெண்ணி, நிகழ்காலமாக்கிச் சிவப்பு மையால் திருத்தினேன்.

“அப்பா இப்போது இல்லை, சார்” என்றான்.

அவன் எழுதியதே சரி, பிழை என்னுடையது. அன்றுமுதல், திருத்துமுன் கேட்கப் பழகிக்கொண்டேன்.