அருகிலிருந்த அரிக்கமேடு

பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமூகத்தாரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பணிப்பதை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு விளக்கி வந்தோம். ஒருநாள் ஒரு மாணவன், "ஹஜ்ரத், தாங்கள் அரிக்கமேட்டைக் கண்டதுண்டா?" என்றான். புதுவையை அடுத்துள்ள அவ்விடத்தை யாம் கண்டதில்லை. நாணம் மேலிட்டது.

விடுமுறையான வெள்ளியன்று சுபுஹுத் தொழுகை முடித்து, அவனுடன் மிதிவண்டியில் புறப்பட்டோம். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைக் கடந்து காக்காயன்தோப்புக்குத் திரும்பியதும் கடலூர்ச் சாலையின் இரைச்சல் அடங்கிற்று. மாமரங்களின் நிழலில், ஆற்றங்கரை மேட்டில் இறங்கினோம்.

1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்து, உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளையும் இத்தாலிய மட்கலத் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தார். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் மணிகள் செய்து கடல்வாணிபம் நடத்திய ஊர்! இன்று அதன் சுவடெல்லாம் மண்ணுள். எஞ்சி நிற்கும் செங்கற்சுவர்களோ 18ஆம் நூற்றாண்டில் கிறித்துவப் பாதிரிமார் எழுப்பிய குருமடத்தினுடையவை.

வாணிபம் மட்டுமன்று, ஓதிக்கொடுத்த கூடமும் சிதைந்து கிடந்தது. ஓதிக்கொடுக்கும் யாம் அதன்முன் வெகுநேரம் நின்றோம்.

திரும்புகையில் எதிர்காற்று, முழங்கால் நொந்தது. மாணவன் வேகம் தணித்து எம்மருகே வந்தான். அன்றைய ஆசான் அவனே. வரும் வெள்ளியன்று வகுப்பு முழுவதையும் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.